ஆவுடையின் இடது சிறுநீரகம்

ஆகஸ்ட் 4, ஞாயிறு

தம்பி பெண்டாட்டி மாரீஸ்வரியும் பெரியப்பாவும் காலையிலேயே வந்துவிட்டார்கள். துணி ஊறவைத்திருந்தேன். அது அப்படியே கிடந்தது.

விஷயம் தெரிந்ததுதான். தம்பி சங்கரனுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து பதினோரு மாதம் ஆகிறது. வாரத்தில் இரண்டு நாள் தென்காசியில் டயாலிசிஸ். அவனுக்கு ஓ பாசிட்டிவ் ரத்தம். மாரீஸ்வரிக்கு பி, சேராது. எனக்கு ஓ. போன மாதம் மதுரை ஆஸ்பத்திரியில் என் ரத்தம், சிறுநீர், இதயம் எல்லாம் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டார்கள். இன்னும் ஒன்று பாக்கி. சிறுநீரகத்துக்குப் போகிற ரத்தக்குழாய்களை சி.டி. ஸ்கேனில் படம் எடுக்க வேண்டுமாம். அதுவும் நன்றாக இருந்தால் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிடுவார்கள்.

"ஒனக்கென்னட்டி ஆவுட, பிள்ளையா குட்டியா? கல்யாணமே வேண்டாம்னு இருந்துட்ட. அவனுக்குன்னா வயசுக்கு வந்த பொட்டப்பிள்ள ஒண்ணு நிக்கி" என்றார் பெரியப்பா.

காப்பி போட எழுந்து போனேன். மாரீஸ்வரி பின்னாலேயே அடுப்படிக்கு வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மதினி, மேக்கொண்டு அக்காட்ட போயி கேக்கப்பிடாதுன்னு அவிய சத்தியம் வாங்கிட்டாவ. நாந்தான் மீறி வந்தேன்."

சங்கரன் ஏன் கேட்கக் கூடாது என்றான் என்பது அவளுக்குத் தெரியாது. அவள் இந்த வீட்டுக்கு வந்து பதினைந்து வருஷம்தான் ஆகிறது.

ஸ்கேனுக்குப் போகிறேன் என்று சொன்னேன். துணியை மத்தியானம் துவைத்தேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

பள்ளியில் இன்று தக்காளி சாதம். சமையல் உதவியாளர் சண்முகக்கனி வரவில்லை. சத்துணவு அமைப்பாளர் என்று பெயர்தான், முட்டை உரித்ததெல்லாம் நானே.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு ஸ்கேன். எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னார்கள், எழுதுகிறேன். நான்கு மணி நேரத்துக்கு முன்பிருந்து எதுவும் சாப்பிடக் கூடாது. வெறும் தண்ணீர் குடிக்கலாம், குடிப்பது நல்லது. சாப்பிடுகிற மாத்திரை எல்லாவற்றின் சீட்டும் கொண்டுவர வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், சிலதை நிறுத்தச் சொல்வார்களாம். எனக்கு அது கிடையாது. கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா என்று கேட்டாள் போனில் பேசிய பெண். இல்லை என்றேன். "நிச்சயமா?" என்று மறுபடியும் கேட்டாள். எல்லாரிடமும் கேட்பதாம். முதலில் சிரிப்பு வந்தது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஸ்கேன் நடக்கவில்லை.

நாலரை மணி பஸ்ஸில் கிளம்பினேன். திருமங்கலத்தில் பஸ் பத்து நிமிஷம் நின்றது. எல்லாரும் இறங்கினார்கள், நானும் இறங்கினேன். இரண்டு இட்லி, ஒரு காப்பி. சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போதுதான் ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரியில் கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று கேட்டார்கள். பொய் சொல்லக் கூடாதே, உண்மையைச் சொன்னேன். சில பேருக்கு அந்த மருந்து உள்ளே போனதும் குமட்டும், வயிற்றில் சாப்பாடு இருந்தால் படுத்தபடியே வாந்தி வந்து மூச்சுக்குழாயில் போகலாம், அவசரம் இல்லையென்றால் எடுக்கவே மாட்டோம் என்றார்கள். புதன்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள்.

மறதி. வயது நாற்பத்து மூன்று ஆகிறது.

ஆகஸ்ட் 10, சனி

சங்கரன் போன் செய்தான். கை வேலையாக இருந்தது, எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 14, புதன்

இந்தத் தடவை மாரீஸ்வரி கூடவே வந்தாள். திருமங்கலத்தில் என்னை இறங்க விடவில்லை.

ஸ்கேன் அறையில் இருந்தது பெனாசிர் என்கிற பெண். முப்பது வயது இருக்கும். தோடு, வளையல், இடுப்புக் கொக்கி எல்லாவற்றையும் கழற்றச் சொல்லி ஆஸ்பத்திரி அங்கி கொடுத்தாள். கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டாள்.

"ஏதாவது ஒத்துக்காம போறது உண்டாக்கா?"

"இறால் சாப்பிட்டா உடம்பெல்லாம் தடிக்கும்" என்றேன். "அயோடின் மருந்துன்னு சொன்னாவளே. அதுவும் கடல் சாமான்தான? எனக்கு ஒத்துக்கிடாதுன்னா இன்னைக்கு வேண்டாம். இன்னொரு நாள் பாக்கலாம்."

பெனாசிர் தாளில் எழுதிக்கொண்டாள். "நிறைய பேரு அப்படித்தான் நினைக்கிறாங்க. இறால் அரிப்புக்கும் இந்த மருந்துக்கும் சம்பந்தம் இல்லக்கா. ஆனா சொன்னீங்க பாருங்க, அது நல்லது. முன்னாடி எப்பவாவது இதே மருந்து போட்டு ஒத்துக்காம போயிருக்கா? வீசிங் இருக்கா? தைராய்டு?"

எதுவும் இல்லை. இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

"கிட்னிக்கு இந்த மருந்து கெடுதல்னு சொல்லுதாவளே" என்றேன்.

"கிட்னி ஏற்கெனவே பழுதானவங்களுக்குத்தான் யோசிப்போம். அதுக்குத்தான் முதல்லயே உங்க ரத்தத்துல கிரியேட்டினின் பாத்தாச்சு. நல்லா இருக்கு."

வலது முழங்கைக்கு உள்பக்கம் ஊசியைச் செருகி டியூப் மாட்டினாள். தொடை வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கிற ஆஞ்சியோகிராம் வேறு, இது வேறு, இதில் கையில் குத்துகிற இந்த ஒரு வலிதான் என்றாள். கதிர்வீச்சு உண்டு, அது எக்ஸ்ரேயைவிட அதிகம், தேவையில்லாமல் யாருக்கும் எடுப்பதில்லை என்றாள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். நான் நிறையக் கேட்டேன்.

"படத்தில எல்லாமே தெரியுமா?"

"ரத்தக்குழாய் எங்க பிரியுது, எத்தனை இருக்கு, சுருக்கம் இருக்கா, வீக்கம் இருக்கா எல்லாம் தெரியும்."

"சரியில்லன்னா?"

"சரியில்லன்னா உங்களக் குடுக்க விடமாட்டாங்க. உங்க உடம்புக்கு ஆபத்து இல்லையான்னுதானக்கா முதல்ல பாக்கறோம்."

திரும்பச் சொல்லச் சொன்னேன். மெஷின் சத்தத்தில் சரியாகக் காதில் விழவில்லை.

"மருந்து போகும்போது உடம்பு முழுக்கச் சூடு பரவும். வாயில இரும்பு மாதிரி ருசி வரும். ஒண்ணுக்குப் போயிட்ட மாதிரியே இருக்கும், ஆனா போயிருக்க மாட்டீங்க. பயந்து அசைஞ்சிடாதீங்க, அரை நிமிஷத்துல சரியாயிடும். தொண்டை இறுகற மாதிரி இருந்தாலோ அரிச்சாலோ உடனே சத்தம் குடுங்க. நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உங்களையே பாத்துக்கிட்டுத்தான் இருப்பேன்."

கைகளைத் தலைக்கு மேலே நீட்டிப் படுத்தேன். பலகை பெரிய வளையத்துக்குள் போய்ப் போய் வந்தது. 'மூச்சை இழுங்க, அடக்குங்க' என்று ஒரு குரல் சொன்னது. அடக்கினேன். சூடு கழுத்தில் ஆரம்பித்து வயிறு, அடிவயிறு என்று இறங்கியது. அவள் சொன்ன மாதிரியே எல்லாம் இருந்தது. 'மூச்சு விடலாம்' என்று குரல் வந்த பிறகும் கொஞ்ச நேரம் விடவில்லை. பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

அரை மணி நேரம் வெளியே உட்காரவைத்தார்கள், ஏதாவது செய்கிறதா என்று பார்க்க. ஒன்றும் செய்யவில்லை. மாரீஸ்வரி ஒரு பாட்டில் தண்ணீரைக் கொடுத்துக் குடிக்கச் சொல்லி எதிரிலேயே நின்றாள்.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றம். பிள்ளைகளுக்கு மிட்டாய். முழங்கையில் நீலம் பாய்ந்திருக்கிறது. தண்ணீர் நிறையக் குடித்தேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

படம் நன்றாக இருக்கிறது. இடது சிறுநீரகத்துக்கு ஒரே ஒரு ரத்தக்குழாய், நீளமானது, எடுத்து வைப்பதற்கு வசதி. வலதுக்கு இரண்டு. ஆகவே இடது. டாக்டரம்மா கம்ப்யூட்டரில் திருப்பித் திருப்பிக் காட்டினார். என் வயிற்றுக்குள் இவ்வளவு ஒழுங்காக இருக்கும் என்று நினைக்கவில்லை.

"நல்லாப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

அவர் மாரீஸ்வரியை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ஆவுடையம்மாள், முதல் தடவை சாப்பிட்டுட்டு வந்தீங்க. ரெண்டாவது தடவை இறால் சொன்னீங்க. இப்ப நல்லாப் பாத்தீங்களான்னு கேக்கறீங்க. தப்பா எடுத்துக்காதீங்க, குடுக்க வர்ற எல்லார்கிட்டயும் தனியா ஒண்ணு சொல்லுவேன். உங்களுக்கு மனசு இல்லைன்னா, பரிசோதனையில ஒத்துவரலைன்னு மட்டும் வீட்டுல சொல்லிடுவேன். காரணத்தை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். படத்தையும் காட்ட மாட்டேன்."

"எனக்கு இஷ்டந்தான்" என்றேன்.

"இன்னைக்கே சொல்ல வேண்டாம். யோசிங்க."

இஷ்டம்தான் என்று சொன்ன பிறகு யோசிக்க என்ன இருக்கிறது? திரும்பி வரும்போது ராஜபாளையம் வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன், உட்கார இடமில்லை.

ஆகஸ்ட் 22, வியாழன்

மாரீஸ்வரிக்குக் காய்ச்சல். டயாலிசிஸுக்கு சங்கரனோடு நான் போக வேண்டியதாயிற்று. இரண்டு பேரும் தனியாக இருந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. வீட்டு விசேஷங்களில் பார்ப்போம், சாப்டியா என்பான், சாப்ட்டேன் என்பேன்.

ஆளே மாறிவிட்டான். நாற்பது வயது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். முகம் ஊதி, கை மட்டும் குச்சி. மெஷினில் மாட்டிவிட்டால் நாலு மணி நேரம் எழுந்திருக்க முடியாது. நான் பக்கத்தில் ஸ்டூலில் இருந்தேன்.

"எக்கா, படம் நல்லா வந்திருக்குன்னு மாரி சொன்னா."

"ஆமா."

"நீ குடுக்கதுக்கு முந்தி ஒண்ணு சொல்லணும். வாங்கிக்கிட்டுப் பெறவு சொன்னேம்னா நான் மனுசனே கெடையாது."

 அவன் மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

பதினாறு வருஷத்துக்கு முன்னால் நடந்ததை இந்த நோட்டில் எழுதியதில்லை. வேறு எந்த நோட்டிலும் எழுதியதில்லை. புளியங்குடிப் பள்ளியில் வாத்தியாராக இருந்தார் அவர். தினமும் நானும் அவரும் ஒரே பஸ், பேசிப் பழகினோம். அவர் வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர், நாங்கள் வேறு. சங்கரனும் அவன் கூட்டாளிகளும் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வைத்து அவரை அடித்தார்கள். அதற்கப்புறம் அவரை அந்தப் பஸ்ஸில் காணோம். அடிக்குப் பயந்து ஓடிவிட்டார் என்று அப்பா சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்புறம் நினைக்கிறதை விட்டுவிட்டேன். பார்க்க வந்த மாப்பிள்ளை எல்லாரையும் வேண்டாம் என்றேன்.

"அவரு ஓடலக்கா. மூணு வாரம் கழிச்சு ஒனக்கு லெட்டர் போட்டாரு. போஸ்ட்மேன்ட்ட நான் வாங்கிட்டேன். படிச்சுட்டுக் கிழிச்சேன்."

"என்ன எழுதியிருந்தாரு?"

"மாத்தல் வாங்கிட்டேன், வர்ற ஞாயித்துக்கெழம காலையில ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுல நிப்பேன், பன்னெண்டு மணி வரைக்கும் பாப்பேன். நீ வரலன்னா ஒனக்கு இஷ்டமில்லன்னு எடுத்துக்கிடுதேன், கோவப்பட மாட்டேன். அவ்வளவுதான். நாலு வரிதான் இருந்துச்சு."

பக்கத்துப் படுக்கையில் ஒரு பெரியவர் கம்பளி கேட்டார். நர்ஸ் கொண்டுவந்து போர்த்திவிட்டுப் போனாள்.

"நான் போயிப் பாத்தேங்கா. நீ எப்படியாவது தெரிஞ்சு வந்துருவியோன்னு போனேன். டீக்கடைக்குள்ள நின்னு பாத்தேன். ஒரு பை வச்சிருந்தாரு. பன்னெண்டுன்னு எழுதிட்டு நாலு மணி வரைக்கும் நின்னாரு."

மெஷினில் ஏதோ கீ கீ என்று கத்தியது. கை அசைந்திருக்கும். நர்ஸ் வந்து அவன் கையை நேராக வைத்தாள்.

முடிகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். கூட்டிக்கொண்டுபோய் வீட்டில் விட்டேன்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

சாம்பார் சாதம், முட்டை.

ஆகஸ்ட் 26, திங்கள்

லீவு. படுத்திருந்தேன்.

ஆகஸ்ட் 28, புதன்

அவன் சொல்லாமல் இருந்திருந்தால் என் சிறுநீரகம் அவனுக்குப் போயிருக்கும். யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. அது அவனுக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னான்.

அதை நினைத்தால் கோபம் இன்னும் கூடுகிறது. எதற்குச் சொன்னான்? அவன் மனசு லேசாக வேண்டும் என்றா? டாக்டரம்மாவின் நம்பரை எடுத்து இரண்டு தடவை அழுத்தினேன். மணி அடிக்கும் முன்னால் நிறுத்திவிட்டேன். ஒத்துவரவில்லை என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் அவர் சொல்ல வேண்டியது.

அவன் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. நாலு மணி வரைக்கும் நின்றவரைத்தான் நினைக்கிறேன். பையில் என்ன வைத்திருந்திருப்பார்.

ஆகஸ்ட் 31, சனி

மாரீஸ்வரி வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"மதினி, ஒங்க தம்பி சாப்பிட மாட்டேங்காவ. டயாலிசிஸுக்கும் வரமாட்டேங்காவ. ஒங்களுக்குள்ள என்ன நடந்துச்சுன்னு கேட்டா வாயத் தெறக்க மாட்டேங்காவ."

"அவனையே கேளு."

"நீங்க குடுக்கலன்னாலும் சரி மதினி. ஒரு வார்த்த அவியட்ட பேசிருங்க."

உள்ளே வா என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

செப்டம்பர் 2, திங்கள்

பள்ளியில் சண்முகக்கனியிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு சங்கரன் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். மூச்சு இரைத்தது. கால் இரண்டும் வீங்கிக் கிடந்தது.

"எந்தி. ஆட்டோ நிக்கி" என்றேன்.

 தென்காசியில் மெஷினில் மாட்டிய பிறகு சொன்னேன்.

"ஊரு பூரா, ஆவுட கல்யாணமே வேண்டாம்னுட்டாள்னு சொல்லுது. பெரியப்பா சொல்லுதாரு. ஒம் பொண்டாட்டி அப்படித்தான் நெனச்சிருக்கா. ஒம் மகளும் அதத்தான் கேட்டு வளருதா. அது பொய்யின்னு நீதான் சொல்லணும். எல்லாரும் இருக்கையில, ஒன் வாயால."

"சொல்லுதேங்கா."

"சொன்னாத்தான் குடுப்பேன்னு பேரம் பேசல. ரெண்டும் வேற வேற. மன்னிச்சுட்டேன்னும் நெனச்சுக்கிடாத."

"நெனைக்கல."

அவனால் கண்ணைத் துடைக்க முடியவில்லை, ஒரு கையில் ஊசி, இன்னொரு கையில் பிரஷர் பட்டை. நானும் துடைத்துவிடவில்லை.

செப்டம்பர் 7, சனி

பிள்ளையார் சதுர்த்தி. சங்கரன் வீட்டில் பெரியப்பா, பெரியம்மா, மாரீஸ்வரியின் அம்மா எல்லாரும் இருந்தார்கள். கொழுக்கட்டை வைத்துக் கும்பிட்டு முடிந்ததும் சங்கரன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். உட்கார்ந்து சொல்லலாம்தானே. நின்றே சொன்னான். அடித்தது, லெட்டரைக் கிழித்தது, டீக்கடைக்குள் ஒளிந்து நின்று பார்த்தது, ஒன்றையும் விடவில்லை.

"நல்ல நாளும் அதுவுமா பழைய கதைய எதுக்குல எடுக்க?" என்றார் பெரியப்பா.

"நீங்க சும்மா இருங்க பெரியப்பா. அக்கா கல்யாணம் வேண்டாம்னு சொல்லல. நாந்தான் கெடுத்தேன். இனிமே யாரும் அக்காவ அப்படிச் சொல்லப்பிடாது."

மாரீஸ்வரி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது. அவர்கள் மகள் நிவேதா, பதினான்கு வயது, அப்பாவைப் பார்த்தபடியே இருந்தாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்தான். அந்தப் பிள்ளைக்கு முன்னால் அவன் சொன்னது எவ்வளவு பெரியது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பெரியப்பா சாப்பிடாமல் போய்விட்டார். நான் சாப்பிட்டேன். பசித்தது.

செப்டம்பர் 10, செவ்வாய்

டாக்டரம்மா மறுபடியும் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார், யாராவது கட்டாயப்படுத்துகிறார்களா என்று.

"போன தடவை இஷ்டந்தான்னு சொன்னது பொய்" என்றேன். "இப்பச் சொல்லுதது நெசம்."

ஃபைலைத் திறந்தார். பிறகு எழுதினார். அடுத்த புதன்கிழமை ஆபரேஷன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டேன். பயமாக இருக்கிறது. மாரீஸ்வரி தலை வாரிவிட்டாள். ரொம்ப நேரம் வாரினாள்.

செப்டம்பர் 20, வெள்ளி

இன்றுதான் பேனா பிடிக்க முடிந்தது. இருமினால் இடப்பக்கம் உயிர் போகிறது. தோள்பட்டை ஏன் வலிக்கிறது என்று தெரியவில்லை, வயிற்றில் காற்று அடைத்து ஆபரேஷன் செய்ததால் அப்படி இருக்கும் என்றார்கள்.

சங்கரனைத் தனி அறையில் வைத்திருக்கிறார்கள். யாரையும் விடுவதில்லை. மாரீஸ்வரி அவள் போனில் அவன் முகத்தைக் காட்டினாள். பேச ஆரம்பித்து அழுதுவிட்டான்.

"ஒண்ணுக்கு வருதுக்கா" என்றான். "நெறைய வருது."

"சரி. தண்ணி குடிக்கச் சொன்னா ஒழுங்காக் குடி" என்றேன்.

செப்டம்பர் 23, திங்கள்

நடக்க விட்டிருக்கிறார்கள். வராண்டா முனை வரைக்கும் போய்த் திரும்பினேன். என் கிரியேட்டினின் கொஞ்சம் கூடியிருக்கிறது, ஒன்று மட்டும் இருப்பதால் அப்படித்தான் இருக்கும், மெல்லச் சமாளித்துக்கொள்ளும் என்கிறார்கள். இனி வருஷம் ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும். கண்ட வலி மாத்திரையும் கடையில் வாங்கிப் போடக் கூடாது.

மாரீஸ்வரி கேன்டீனுக்குப் போயிருந்தாள். நிவேதா என் கட்டிலில் கால்பக்கம் உட்கார்ந்திருந்தாள். சதுர்த்தியிலிருந்து அப்பாவோடு சரியாகப் பேசுவதில்லை என்று மாரீஸ்வரி சொல்லியிருந்தாள். ரொம்ப நேரம் போர்வையின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அத்த, அவிய பேரு என்ன?"

"யாரு பேரு?"

"ராஜபாளையத்துல நின்னவிய பேரு. அப்பா எல்லாம் சொன்னாவ. பேரு மட்டும் சொல்லல."

ஜெயசீலன் என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

"எப்படி இருப்பாவ?"

கொஞ்சம் கட்டை, நடக்கும்போது குடையை இடது கையில்தான் பிடிப்பார், கணக்கு வாத்தியார் என்று ஆரம்பித்தேன். நர்ஸ் எட்டிப் பார்த்து, அதிகம் பேசாமல் படுங்கள் என்றாள். தையல் போட்ட இடம் இழுத்தது. நிறுத்தவில்லை.